கதவுக்குப் பூட்டா? கடைக்காரனுக்குக் கடிவாளமா?

(படிப்பு வட்டக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சென்ற கூட்டம் முடிந்ததும் ஓர் இளந்தோழர் என்னைப் பிடித்துக்கொண்டார். அவருடைய அண்ணன் அமெரிக்காவில் வேலை பார்க்கிறார். சேமிப்பில் ஒரு பகுதியை ‘இருமடங்கு நிதி’ ஒன்றில் போட்டிருக்கிறார். “அது ஆபத்து என்று அங்கே எச்சரிக்கிறார்களாம். என் பணத்தை நான் எதில் போட்டால் சர்க்காருக்கென்ன என்கிறார் அண்ணன். இதில் என்ன தப்பு தோழரே?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. நான் மெட்ரிக் படித்தவன். அன்று பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போது படித்துவிட்டு வந்திருக்கிறேன்.

பங்கு விலைக் குறியீடு ஒரு நாளில் நூற்றுக்கு 1 ஏறினால் 2 ஏறுவது இருமடங்கு நிதி. குறியீடு 1 இறங்கினால் 1 ஏறுவது தலைகீழ் நிதி. முன்பேர ஒப்பந்தங்களை வைத்து இதை நடத்துகிறார்கள். 2006 ஜூனில் புரோஷேர்ஸ் கம்பெனி இவற்றை அமெரிக்கப் பங்கு மார்க்கெட்டில் யாரும் வாங்கி விற்கும்படி இறக்கியது.

சூட்சுமம் எங்கே இருக்கிறது? ‘ஒரு நாளில்’ என்ற சொல்லில் இருக்கிறது. குறியீடு 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்று 90க்கு இறங்குகிறது. நாளை மீண்டும் 100க்கு ஏறுகிறது. சந்தை நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஆனால் இருமடங்கு நிதியில் போட்ட 100 டாலர் முதல் நாள் 80 ஆகி, மறுநாள் 97 டாலர் 78 சென்ட்டில் நிற்கிறது. தலைகீழ் நிதியில் போட்டவன் தப்பினானா? அவனுடைய 100 டாலர் 110 ஆகி, மறுநாள் அதே 97 டாலர் 78 சென்ட்டுக்கு வருகிறது! ஏறும் என்றவனுக்கும் நஷ்டம், இறங்கும் என்றவனுக்கும் நஷ்டம். நிதியை நடத்தும் கம்பெனிக்கு மட்டும் இரண்டு பேரிடமும் கட்டணம் உண்டு.

மறுபக்கத்தையும் மறைக்கக்கூடாது. இரண்டு நாளும் நூற்றுக்கு 10 ஏறினால் குறியீடு 121 ஆகும். இருமடங்கு நிதி 144 ஆகும். இந்த ஆசைதான் ஜனங்களை இழுக்கிறது.

கட்டுப்பாடு என்ன செய்தது? அமெரிக்கத் தரகர்களை மேற்பார்க்கும் பின்ரா என்ற அமைப்பு 2009 ஜூனில் அறிக்கை விட்டது. ஒரு நாளுக்கு மேல் வைத்திருக்க நினைக்கும் சாதாரண மனிதருக்கு இவை பொதுவாக ஏற்றவை அல்ல என்றது. 2012 மே மாதம் சிட்டிகுரூப், மார்கன் ஸ்டான்லி, யு.பி.எஸ்., வெல்ஸ் பார்கோ ஆகிய நான்கின் மீதும் நடவடிக்கை எடுத்தது. சரக்கைச் சரிவர ஆராயாமலே விற்றார்கள் என்பது குற்றச்சாட்டு. மொத்தம் 91 லட்சம் டாலருக்கு மேல் கட்டினார்கள். அதில் வாடிக்கைக்காரர்களுக்குத் திரும்பியது 18 லட்சம்தான்!

2018 பிப்ரவரி 5 அன்று எக்ஸ்.ஐ.வி. என்ற தலைகீழ்ப் பத்திரம் சரிந்தது. சந்தை அமைதியாக இருக்கும் என்று கட்டிய பந்தயம் அது. ஒரே நாளில் மதிப்பில் நூற்றுக்கு 90க்கு மேல் கரைந்தது. வெளியிட்ட கிரெடிட் சூயிஸ் வங்கி அந்த மாதமே அதை மூடியது. நீண்டகாலத்தில் இதன் எதிர்பார்க்கும் மதிப்பு பூஜ்யம் என்று அதன் விளக்கப் பத்திரத்திலேயே எழுதியிருந்தார்கள். எழுதிவிட்டு விற்றார்கள்!

2019 நவம்பரில் அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனைக் கமிஷன் ஒரு விதியை முன்வைத்தது. வாங்குபவரின் வருமானம், அனுபவம் முதலியவற்றை விசாரித்து, தகுதி உண்டென்று கண்ட பிறகே தரகர் ஆர்டர் எடுக்கலாம் என்றது. ஆயிரக்கணக்கான தனிநபர்கள் கடிதம் எழுதி எதிர்த்தார்கள். 2020 அக்டோபரில் கமிஷன் அந்த விதியைக் கைவிட்டது. புதிய நிதிகள் இருமடங்குக்கு மேல் போவதற்கு மட்டும் வரம்பு வைத்தது.

அந்தக் கடிதங்களைக் கேலி செய்ய நான் தயாரில்லை. பணக்காரனுக்குத் திறந்த கதவு எனக்கு மட்டும் மூடுவதா என்று சம்பளக்காரன் கேட்டால் அது நியாயமான ரோஷம். தென் கொரியாவைப் பாருங்கள். 2020இல் அங்கே இருமடங்கு நிதிகளுக்கு இரண்டு நிபந்தனைகள் விதித்தார்கள். முன்கூட்டிப் பாடம் படிக்க வேண்டும். கணக்கில் ஒரு கோடி வொன் வைத்திருக்க வேண்டும். பாடம் சரி. ஆனால் ஒரு கோடி வைத்திருப்பவனுக்குக் கணக்குத் தெரியும் என்று யார் சொன்னது? இல்லாதவனுக்குத் தெரியாது என்றுதான் யார் சொன்னது?

ஆகவே தோழர்களே, ‘அனுமதிப்பதா, தடுப்பதா’ என்று வாங்குபவனை மட்டும் பார்ப்பது பாதி விவகாரம். மீதிப் பாதி விற்பவன். இரண்டு நாள் கணக்கை முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட வேண்டும். ஏற்காத சரக்கைத் தலையில் கட்டினால் முழு நஷ்டத்தையும் விற்றவன் கொடுக்க வேண்டும். கதவில் பூட்டுப் போடுவதற்கு முன் கடைக்காரனுக்குக் கடிவாளம் போட வேண்டும்.

இளந்தோழருக்கு ஒரு வார்த்தை. அண்ணனைக் கண்டித்து எழுதாதீர்கள். 100, 80, 97 டாலர் 78 சென்ட் என்ற கணக்கை மட்டும் எழுதி அனுப்புங்கள். எத்தனை நாளாக அதை வைத்திருக்கிறார் என்று கேளுங்கள். மீதியை அவரே யோசிப்பார்.