வீட்டில் நிற்கும் வாடையும் சுவரில் ஏறும் ஓதமும்

(புதுச்சத்திரத்தில் ஊராட்சி உறுப்பினர்களிடமும் உழவர்களிடமும் ஆற்றிய உரை)



இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் சபையில் பேசத் தகாதது என்று சிலர் எண்ணக்கூடும். வீட்டு நாற்றத்தைப் பற்றித்தான் பேசப் போகிறோம். ஆடு கட்டிய தாழ்வாரத்தில் மொச்சை வாடை. நாய் படுக்கும் மூலையில் வேறொரு வாடை. ஐப்பசி அடைமழை தொடங்கிவிட்டாலோ சுவரெல்லாம் ஓதம் ஏறித் துணிப்பெட்டி வரையில் பூஞ்சண வாடை. உள்ளேயே வாழ்பவர் மூக்கிற்கு இது பழகிப்போய்விடுகிறது. ஆனால் அவ்வீட்டுப் பிள்ளை பள்ளிக்குச் செல்லும்போது சட்டையோடு வாடையும் செல்கிறது. பக்கத்துப் பிள்ளை சற்றே நகர்ந்து உட்காருகிறது. அக்குழந்தை படும் சிறுமையை வீட்டில் வந்து சொல்வதுமில்லை. ஆகையால் இதனை அற்பமென்று ஒதுக்கலாகாது.

ஆட்டை ஏன் வீட்டோடு கட்டுகிறீர்கள் என்று கடிந்துகொள்வது எளிது. திருட்டுப் பயமும் தெருநாய்ப் பயமும் உள்ள ஊரில் ஏழைக் குடும்பம் வேறு என்ன செய்யும்? 2011-ஆம் ஆண்டு தமிழக அரசு தொடங்கிய விலையில்லா ஆடுகள் திட்டத்தில் குடும்பத்திற்கு 4 ஆடுகள் வீதம் கிடைத்தன. பின்னர் ஊரக வேலை உறுதித் திட்டத்தின்கீழ்ப் பலருக்குக் கொட்டகையும் கட்டித் தரப்பட்டது. கொட்டகைக்கு இடமே இல்லாதவர் என் செய்வர்? அவர்களுக்காகவே முக்கியமாக இதைச் சொல்கிறோம்.

வாடை எங்கிருந்து எழுகிறது? கால்நடைகளின் சிறுநீரில் யூரியா இருக்கிறது. வயலுக்கு நாம் மூட்டையாக வாங்கிவரும் யூரியாவும் அதே பொருள்தான். நுண்ணுயிர்கள் அதனைச் சிதைக்கும்போது அம்மோனியா வாயு கிளம்புகிறது; மூக்கை அரிக்கும் நெடி அதுவே. வீட்டில் வாடை வீசும்பொழுதெல்லாம் பயிருக்குச் சேரவேண்டிய தழைச்சத்து கூரை வழியாக வெளியேறிக்கொண்டிருக்கிறது என்று கொள்ளலாம். மிச்சமாகும் உப்புகள் தரையில் ஊறித் தங்கிவிடுகின்றன. அவை காற்றிலுள்ள ஈரத்தை இழுப்பவை. சித்திரையில் அடங்கிக் கிடந்த வாடை ஐப்பசியில் உயிர்பெற்று எழுவதற்குக் காரணம் இதுதான். வாடையும் ஓதமும் இரண்டு நோய்கள் அல்ல, ஒன்றே.

இந்த உண்மையை நாமக்கல் சீமைக்காரருக்கு நாம் சொல்லித் தரவேண்டியதில்லை. கோழிப்பண்ணையில் வேலை செய்தவரைக் கேளுங்கள். கூண்டின்கீழ் விழும் எச்சம் உலர்ந்திருக்கும்வரை பெரிதாகத் தொல்லை இல்லை. தண்ணீர்க் குழாய் ஒன்று ஒழுகினால் போதும், அந்த இடத்தில் ஈயும் புழுவும் பெருகிக் கண்ணெரிச்சல் உண்டாகிவிடும். பண்ணைக் காற்றில் அம்மோனியா பத்து லட்சத்தில் 25 பங்கைத் தாண்டலாகாது என்று கோழி வளர்ப்பில் அளவு வைத்திருக்கிறார்கள். கோழிக்கு வைத்த அளவைக் குழந்தை உறங்கும் அறைக்கு யார் வைத்தார்?

சாம்பிராணி போடுவதில் பிழையில்லை. ஆனால் அது வாடையின்மேல் போர்த்திய துப்பட்டியே. ஊறிய பொருளை அகற்றுவதுதான் வழி. மண்தரையாயின், ஆடு கட்டிய இடத்தில் ஒரு சாண் ஆழம் தோண்டி மண்ணை எடுத்துவிடுங்கள். அந்த மண் குப்பையன்று, உரம். எருக்குழியில் போட்டு மூடுங்கள். குழியில் புதுச் செம்மண் இட்டுக் கெட்டித்து, நன்றாகக் காயவிட்டு, அதன்பின் மெழுகுங்கள். இனி அந்த இடத்தில் உலர்ந்த மண்ணையோ கடலைத் தோலையோ தென்னைநார்க் கழிவையோ பரப்பி, நனைந்ததை அன்றாடம் வாரிக் குழியில் சேர்த்துவந்தால், சிறுநீர் தரைக்குள் இறங்காது.

நம் பெண்கள் ஈரத்தின்மேல் அடுப்புச் சாம்பல் தூவும் வழக்கம் உடையவர்கள். ஈரத்தைச் சாம்பல் உறிஞ்சும், மெய்தான். ஆயினும் சாம்பல் காரமுடையதாகையால் அம்மோனியாவை விரைந்து விரட்டிவிடுகிறது. நெடியும் கூடுகிறது, உரமும் போகிறது. சுண்ணாம்பும் அப்படியே. ஊறிய தரையைக் கழுவாமல் அதன்மேல் சுண்ணாம்பு தெளித்தால் அன்றிரவு வீட்டில் படுக்க முடியாது. முதலில் அகற்றல், பிறகு கழுவல், பிறகு உலர்த்தல், கடைசியாகவே சுண்ணாம்பு.

சிமெண்டுத் தரையைச் சோப்பு நீரால் தேய்த்துப் பன்முறை கழுவுங்கள். வெடிப்புகளைப் பூசி அடையுங்கள். இங்கே ஓர் எச்சரிக்கை. சிறுநீர் தேங்கிய இடத்தில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டாதீர்கள். அதனை ஆசிட்டுடன் சேர்க்கவே சேர்க்காதீர்கள். இரண்டிலும் நுரையீரலைப் புண்ணாக்கும் வாயு உண்டாகும்.

சுவரைப் பற்றியும் ஒரு சொல். மண்சுவருக்கு அழகென்று சிமெண்டுப் பூச்சுப் பூசுகிறோம். அடியிலிருந்து ஏறிய ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே நின்று, உப்புப் பூத்து, பூச்சு உதிர்கிறது. சுண்ணாம்புக் காரையோ ஈரத்தை மூச்சுவிடச் செய்யும். இறவாரத்துத் தண்ணீர் சுவரடியில் விழாதபடி ஒரு வாய்க்கால் வெட்டினாலே பாதி ஓதம் குறையும்.

அந்த வாய்க்கால் எங்கே போய்ச் சேரும் என்பதுதான் ஊராட்சி உறுப்பினர்களுக்குரிய வேலை. தெருவை உயர்த்தி உயர்த்திச் சாலை போடுகிறோம், வீடுகள் பள்ளமாகின்றன. பழைய தளத்தைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதிய தளம் போடும் ஒவ்வொரு முறையும் தெருவோர வீடுகளின் சுவர் இன்னும் கொஞ்சம் நனைகிறது. தேங்கிய ஈரத்தில் எலி, கால்நடை இவற்றின் சிறுநீர் கலந்தால் எலிக்காய்ச்சல் பரவவும் இடமுண்டு. வெறுங்காலில் புண்ணோடு நடப்பவருக்கு அது எளிதில் தொற்றும். ஆகவே அடுத்த சாலை வேலைக்கு மதிப்பீடு தயாராகும்போது, தெருவின் மட்டத்தையும் வடிகாலின் மட்டத்தையும் வீட்டு வாசற்படியோடு ஒப்பிட்டு அளக்கச் சொல்லுங்கள்.

தரையைத் தோண்டும் வேலையைப் பங்குனி, சித்திரையில் வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசியில் தோண்டினால் இட்ட செம்மண்ணும் காயாது.