நாசிக் திராட்சைத் தோட்டத்தில் ஒரு நாள்

மகாராஷ்டிர மாநிலம் நாசிக்கில் ஒயின் ஆலைகளைப் பார்க்க, மும்பையிலிருந்து காலையில் கிளம்பி இரவில் திரும்புகிறவர்கள் உண்டு. சூலா ஆலை 2005-ல் அங்கே ஒயினை ருசி பார்க்கக் கூடமே திறந்தது. நீங்கள் போனால் ஜனவரி முதல் மார்ச்சுக்குள் போங்க, அறுவடை நடக்கும்.

கோப்பையைவிடக் கொடியை நல்லாப் பாருங்க. பழம் சிறுசு, தோல் தடிப்பு, உள்ளே விதை. சாப்பாட்டுத் திராட்சை மாதிரி சந்தையில் விலை போகாது, ஆலைதான் வாங்கணும். 2008-க்குப் பிறகு ஒயின் விற்பனை படுத்தது. ஆலைகள் பழம் எடுக்கத் தயங்கின. விவசாயிகள் பலர் கொடியையே வெட்டிப் போட்டார்கள்.

ஆகவே, கொடி நடுமுன்பே விலை, எடை, பழத்தின் இனிப்பளவு, பணம் தரும் நாள் எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கிக்குங்க.