பொறுக்கத் தக்கதும் பொறுக்கத் தகாததும்

(விழா அரங்கில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வந்தவாசி, ஆரணி, செய்யாறு, திண்டிவனம் வட்டாரச் சிற்றூர்களில் நிலத்தை நம்பி வாழ்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் இன்று ஒரகடத்திலும் திருப்பெரும்புதூரிலும் பெங்களூரிலும் பணிபுரிகின்றனர். அவர்களுள் சிலர் மனிதவள மேலாளர்களாகப் பொறுப்பேற்கின்றனர். ஆளெடுத்தல், விடுப்பு, ஊதியக் கணக்கு, ஒழுங்கு நடவடிக்கை, குறைதீர்த்தல் ஆகிய அனைத்தும் அந்த இருக்கையின் வழியாகவே நடைபெறும். பதவி கிடைத்த செய்தி கேட்டு வீடு மகிழ்கிறது. இரண்டு மாதம் கழிந்ததும் ஓர் இரவில் தொலைபேசி ஒலிக்கிறது. "அம்மா, இங்கே யாரும் என்னிடம் முகங்கொடுத்துப் பேசுவதில்லை" என்கிறாள் மகள். "பொறுத்துப் போம்மா, எல்லாம் சரியாகிவிடும்" என்கிறாள் தாய். அன்பினால் பிறக்கும் இந்த அறிவுரை எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதே இன்று எண்ணிப் பார்க்கத் தக்க பொருளாகும்.

பணியிடத்துப் பகை பெரும்பாலும் உரத்துப் பேசாது. புதிய மேலாளர் உள்ளே நுழைந்ததும் உரையாடல் நின்றுவிடும். கேட்ட கோப்பு நான்கு நாள் கழித்து வரும். அதிலும் வேண்டிய தாள் இராது. கூட்டம் நடந்த செய்தி கூட்டம் முடிந்த பின்னரே தெரியவரும். "முன்பிருந்தவர் இப்படியெல்லாம் கேட்டதில்லை" என்னும் சொல் நாள்தோறும் காதில் விழும். தொழிலாளர் அவரை நிர்வாகத்தின் ஒற்றர் என்பர். நிர்வாகத்தினரோ, வருவாய் ஈட்டாத ஒரு துறையின் செலவுக் கணக்காக அவரைக் காண்பர். இருபுறத்தாரும் தம்மவர் அல்லர் என்று ஒதுக்கும் இடத்தில் அவர் தனித்து நிற்கிறார்.

இந்த நிலை இன்று தோன்றியதன்று. ஆங்கிலேயர் காலத்து ஆலைகளில் ஆளெடுக்கும் அதிகாரம் மேஸ்திரிகளின் கையில் இருந்தது. வேலை வேண்டுவோர் அவர்களுக்குக் கையூட்டு அளிக்க நேர்ந்தது. பெற்ற வேலையைக் காத்துக்கொள்ளவும் அளிக்க நேர்ந்தது. 1929இல் விட்லி தலைமையில் அமைக்கப்பட்ட தொழிலாளர் பற்றிய அரச ஆணையம் 1931இல் தன் அறிக்கையை அளித்தது. ஆளெடுக்கும் பொறுப்பை மேஸ்திரிகளிடமிருந்து விலக்கித் தொழிலாளர் அலுவலர் ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று அவ்வறிக்கை பரிந்துரைத்தது. அவ்வலுவலர் ஆலையின் பொது மேலாளருக்கு மட்டுமே கட்டுப்பட்டவராக இருத்தல் வேண்டும். நேர்மையும், மனிதரைப் புரிந்துகொள்ளும் ஆற்றலும், தொழிலாளர் மொழியில் பழகும் திறனும் அவருக்கு வேண்டும் என்றும் கூறியது. பின்னர் வந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 500 பேருக்குக் குறையாமல் பணிபுரியும் ஆலைகளில் தொழிலாளர் நல அலுவலரை அமர்த்துமாறு விதித்தது. இன்றைய மனிதவள மேலாளரின் முன்னோர் இவர்களே.

அந்த வரலாற்றிலிருந்து ஓர் உண்மை புலப்படும். பிறர் கையிலிருந்த அதிகாரத்தை முறைப்படுத்துவதற்காகவே இந்த இருக்கை உருவாயிற்று. ஆகவே, அதில் அமர்பவர் எவராயினும் சிலருடைய வெறுப்புக்கு ஆளாவது இயல்பு. தம் விருப்பப்படி விடுப்பு வழங்கிவந்த மேற்பார்வையாளர், அந்தப் பதவி தமக்கே வருமென்று காத்திருந்த மூத்த ஊழியர், முன்னிருந்த மேலாளர் காலத்தில் வேலையிழந்தவரின் நண்பர் எனப் பலர் அங்கே இருப்பர். அவர்கள் புதியவரின் பெயரைக்கூட முழுதாக அறியார். அவர்களது சினம் முதலில் நாற்காலியை நோக்கியது. அதில் அமர்ந்திருப்பவரைப் பிறகே வந்தடைகிறது. இதனை உணர்ந்தவரின் நெஞ்சில் பாதிச் சுமை குறையும்.

வள்ளுவப் பெருந்தகை பொறையுடைமை என்னும் அதிகாரத்தை இல்லறவியலில் வைத்தார். செங்கோன்மை, கொடுங்கோன்மை என்னும் அதிகாரங்களைப் பொருட்பாலில், அரசியலில் வைத்தார். இவ்வமைப்பு மனிதவள மேலாளருக்கு நல்ல வழிகாட்டியாகும். தனக்கு ஒருவர் இழைத்த சிறுமையைப் பொறுப்பது தனிமனிதப் பண்பு. பிறருக்கு இழைக்கப்படும் தீங்கைக் காணாதிருப்பதோ முறைசெய்யும் இடத்தில் இருப்பவரின் குற்றம். ஒரே மனிதர் இவ்விரண்டு நிலைகளிலும் இருக்கிறார். எந்த நிலையில் நின்று பொறுக்கிறோம் என்பதை அவர் நாள்தோறும் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பொறுக்கத் தக்கவை பல. வணக்கத்துக்கு மறுவணக்கம் வாராமை, உணவகத்தில் தனித்து உண்ண நேர்தல், கேலிச் சொல், முன்னவரோடு ஒப்பிடல் ஆகியவற்றுக்கு மறுமொழி கூற முற்படின் முழு நாளும் அதிலேயே கழியும். இவற்றை வெல்லும் வழி வேலைதான். முதல் மாதத்தில் புதிய விதி எதையும் புகுத்தாமல் பழைய பதிவேடுகளைப் படித்தல் நன்று. நிலையாணைகள், தொழிற்சங்கத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தங்கள், தீராது கிடக்கும் மனுக்கள் ஆகியவற்றில் அந்நிறுவனத்தின் காயங்கள் எழுதப்பட்டிருக்கும். இரவு ஷிப்டு தொடங்கும் வேளையில் ஒருமுறை சென்று நிற்பதும், காவலாளியிடமும் துப்புரவுப் பணியாளரிடமும் பேசுவதும் எந்தக் கோப்பும் தராத அறிவைத் தரும்.

அடுத்து, நெடுநாள் தீராத ஒரு சிறு குறையைத் தீர்த்து வைத்தல் வேண்டும். மிகைநேர வேலைக்கு இருமடங்கு ஊதியம் என்பது சட்டம். ஒருவருக்கு அக்கணக்கு தவறியிருப்பின் அதனைத் திருத்தி, நிலுவையை அடுத்த ஊதியத்திலேயே சேர்த்துத் தரலாம். ஓய்வுபெற்றவருக்குப் பணிக்கொடை 30 நாள்களுக்குள் சேர வேண்டும். அது தாமதமாகி நின்றால் நேரில் சென்று முடித்துத் தரலாம். "இந்த அம்மாள் சொன்னால் நடக்கிறது" என்னும் பேச்சு ஒரு தொழிலாளியிடமிருந்து பிறந்தால் போதும். பத்து அறிவிப்புகள் செய்யாததை அது செய்யும். மேற்பார்வையாளரின் அதிகாரத்தை ஓர் ஆணையால் பறிப்பதினும், "உங்கள் பகுதியின் விடுப்புப் பட்டியலை நாம் சேர்ந்து வகுப்போம்" என்று அவரது அனுபவத்தை மதித்து அழைப்பது பயன் தரும். இருபத்தைந்து ஆண்டு உழைத்தவரை இருபத்தெட்டு வயதினர் பலர் முன்னிலையில் திருத்தலாகாது. தவறு இருப்பின் தனியே கூறுவதே முறை.

இனி, பொறுக்கத் தகாதவை எவை எனக் காண்போம். இருக்கையின் கடமையைச் செய்யவிடாமல் தடுக்கும் எதனையும் பொறுத்தல் ஆகாது. பெண்கள் பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டம் 2013இல் வந்தது. பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடத்தில் உள்ளகக் குழு அமைத்தல் வேண்டும். மூத்த பெண் அலுவலர் ஒருவர் அதன் தலைவராக இருத்தல் வேண்டும். வெளியிலிருந்து ஓர் உறுப்பினர் வேண்டும். விசாரணை 90 நாள்களுக்குள் முடிய வேண்டும். சில இடங்களில் இக்குழு காகிதத்தில் மட்டுமே இருக்கும். புதிய மேலாளர் அதனைக் கூட்ட முயலும் நாளில்தான் பகை உச்சத்தை அடையும். "வந்த உடனே வம்பு வளர்க்கிறாள்" என்பர். அவ்வேளையில் அவர் தம் நற்பெயரைக் கருதி அமைதி காத்தால், அந்த அமைதியின் விலையைக் கொடுப்பவர் அவர் அல்லர். குறை கூற வேறு கதவு இல்லாத ஒரு பெண் தொழிலாளி. இங்கே பொறுமை என்று பெயர் பெறுவது உண்மையில் அச்சமே.

பகை தம் உயிரையும் உடலையும் வாட்டும் எல்லையும் உண்டு. சுவீடனில் ஆய்வு செய்த உளவியலாளர் ஹைன்ஸ் லேமன், கூட்டாகச் சேர்ந்து ஒருவரை ஒதுக்கி வதைக்கும் பணியிடக் கொடுமையை 1980களில் ஆராய்ந்தார். வாரத்துக்கு ஒருமுறையேனும், ஆறு மாதமேனும் தொடர்ந்து நிகழ்வதை அவர் அதற்கு அளவுகோலாகக் கொண்டார். ஒருநாட் கடுஞ்சொல்லையும் தொடர்ந்த வதையையும் பிரித்தறிய இவ்வளவுகோல் உதவும். அந்நாடு 1993இல் இதற்கெனத் தனி விதிமுறையே வகுத்தது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2019இல் பணியிட வன்முறைக்கும் துன்புறுத்தலுக்கும் எதிராக 190ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. இது ஒருவரின் மெலிந்த மனத்தால் வரும் துன்பமன்று, பணியிடத்தின் நோய் என்பதை உலகம் ஏற்றுக்கொண்டுவிட்டது.

அந்நிலை வருமுன் செய்ய வேண்டியது, நிகழ்ந்தவற்றை எழுதி வைத்தலாகும். நாள், நேரம், இடம், கூறப்பட்ட சொல், உடனிருந்தவர் ஆகிய ஐந்தும் போதும், அடைமொழிகள் வேண்டா. முதலில் உரியவரிடம் தனியே பேசுதல், பயனில்லையேல் மேலதிகாரிக்கு எழுத்து வடிவில் தெரிவித்தல், அதன் பின்னும் தீராதாயின் சட்டம் அறிந்தவரின் துணையை நாடுதல் என்பது வரிசை. பிறர் குறைகளுக்கெல்லாம் நெறிமுறை வகுக்கும் மேலாளர் தம் குறைக்கு அந்நெறியைப் பயன்படுத்த நாணுவது வியப்பான உண்மை. மருத்துவருக்கும் மருந்து வேண்டும். மேலிடமே பகையாக நின்று, உறக்கமும் உணவும் கெட்டுப்போகுமாயின், வேறு பணி தேடிக்கொண்டு விலகுவதில் இழிவு ஏதுமில்லை. பதிவேடுகளைச் செம்மையாக ஒப்படைத்துவிட்டு நிமிர்ந்து வெளியேறுபவர் தோற்றவர் அல்லர்.

இதில் வீட்டாருக்கும் பங்கு உண்டு. இரவில் தொலைபேசி ஒலிக்கும்போது "பொறுத்துப் போ" என்றோ "விட்டுவிட்டு வா" என்றோ உடனே கூறிவிடாமல் மூன்று வினாக்களைக் கேட்கலாம். இது எத்தனை நாளாக நடக்கிறது? இதனால் துன்புறுவது நீ மட்டுமா, வேறு எவரேனும் உண்டா? நடந்ததை எழுதி வைத்திருக்கிறாயா? இவ்வினாக்களுக்கு விடை சொல்லத் தொடங்கும்போதே பிள்ளையின் குரலில் தெளிவு பிறக்கும். துன்பம் தன்னோடு நிற்பதாயின், பொறுக்கும் ஆற்றலை அந்த உரையாடலே தரும். பிறரையும் தொடுவதாயின், மறுநாள் காலையில் செய்ய வேண்டியது இன்னதென்று அவளுக்கே புலப்படும். அதுவரை அவள் பேசட்டும். வீடு செவிகொடுத்துக் கேட்கட்டும்.