மறைக்காணியின் சாவி யாரிடம்?

(ஆலயப் பொறுப்பாளர்கள் முன்னிலையில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

ஆலயத்தைக் கட்டுவது ஒரு தொண்டு என்றால், கட்டிய ஆலயத்தைக் காப்பது அதனினும் நெடிய தொண்டாகும். சிவாலயங்களில் அர்த்தசாம பூசை முடிந்து நடை சாத்திய பின், சாவிக் கொத்தைப் பைரவர் திருமுன் வைத்து வணங்குவது வழிவழி வந்த மரபு. அம்மரபில் ஒரு நுட்பம் அடங்கியிருக்கிறது. சாவியைப் பலர் கையாளலாம். அதனை எவரும் சொந்தம் கொண்டாட இயலாது.

தஞ்சைப் பெரிய கோயிலை எழுப்பிய முதலாம் இராசராச சோழன், இறைவனுக்கு அளித்த நகைகளை எடையோடும் மணிகளின் எண்ணிக்கையோடும் கல்லிலே வெட்டுவித்தான். பொன்னை நிறுக்க 'ஆடவல்லான்' என்னும் பெயருடைய தனி எடைக்கல் இருந்தது. எந்தெந்த ஊரார் திருமெய்க்காப்புக்கு ஆள் அனுப்ப வேண்டும் என்பதையும் கல்வெட்டுகள் கூறுகின்றன. காவல் ஒருபுறம், கணக்கு மறுபுறம் என்று இரண்டையும் ஒருங்கே வைத்த அறிவு அது.

இன்று மலேசிய ஆலயங்கள் பலவற்றில் காவலுக்கு வந்திருப்பது மறைக்காணி. அதிலும் அண்மைக் காலத்தில் வந்திருப்பது, இணையத்தின் வழியே 'மேகம்' எனப்படும் தொலைதூரச் சேமிப்பகத்தோடு பிணைக்கப்பட்ட மறைக்காணி. அதனைப் பொருத்தும் முறையையும், பொருத்திய பின் நிர்வாகத்தின் மீது விழும் பொறுப்பையும் எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

மேகம் வானத்தில் இல்லை

மேகம் என்றதும் படங்கள் வானத்தில் மிதப்பதாக எண்ணிவிடலாகாது. அவை ஜொகூரிலோ சிங்கப்பூரிலோ வேறொரு நாட்டிலோ உள்ள தரவு மையத்தின் கணினிகளில் தங்குகின்றன. அக்கணினிகள் பிறருடையவை. ஆலயம் அங்கே வாடகைக்குக் குடியிருக்கிறது. வாடகைக் கட்டணம் நின்றால் பதிவும் நிற்கும். பழைய படங்களும் அழியும்.

அப்படியானால் மேகம் எதற்கு? திருடன் பதிவுப் பெட்டியையும் சேர்த்துத் தூக்கிச் சென்றுவிட்டால், அவனைப் படம் பிடித்த சான்றும் அவனோடே போய்விடும். மேகத்தில் ஒரு படி இருந்தால் அதை அவனால் தூக்கிச் செல்ல முடியாது. மேகத்தின் முதன்மைப் பயன் இதுவே. வெளியூரில் இருந்தபடியே கைத்தொலைபேசியில் ஆலயத்தைப் பார்க்கலாம் என்பது அடுத்த பயன். தொல்லைகள் பலவும் அந்த இரண்டாவது பயனிலிருந்தே முளைக்கின்றன.

பொருத்துவதற்கு முன்

விற்பனையாளர் விலைப்பட்டியலோடு வருவதற்கு முன்னரே, நிர்வாகக் குழுவினர் ஆலயத்தின் வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஒருமுறை வலம் வருதல் நன்று. உண்டியல், நகைப் பெட்டக அறையின் வாயில், இராசகோபுர வாயில், வாகன நிறுத்துமிடம், பின்கதவு ஆகியவை முதலில் வரும். உடை மாற்றும் அறை, குளியலறை, குருக்கள் தங்குமிடம் ஆகிய இடங்களில் மறைக்காணி அறவே கூடாது. பெட்டகத்தின் எண்பூட்டைத் திறக்கும் விரல்கள் படத்தில் விழும்படியும் பொருத்தலாகாது. கருவறையை நோக்கித் திருப்புவதாயின் ஆலயக் குருக்களைக் கலந்தே முடிவு செய்தல் வேண்டும்.

ஆலயத்திற்கென்றே சில இடர்ப்பாடுகள் உண்டு. கிழக்கு நோக்கிய வாயிலில் காலை வெயில் நேராக விழும். உள்ளிருந்து அவ்வாயிலை நோக்கும் சாதாரண மறைக்காணிக்கு வருவோர் அனைவரும் கரிய நிழல்களாகவே தெரிவர். ஒளி வேறுபாட்டைச் சமன் செய்யும் வசதி உள்ளதா எனக் கேட்டு வாங்குதல் வேண்டும். கற்பூரக் கரியும் யாகப் புகையும் கண்ணாடியில் படியும். இரவில் மறைக்காணி வீசும் அகச்சிவப்பு ஒளி அப்படிவில் பட்டுத் தெறிக்க, படம் முழுதும் வெண்மூட்டமாகும். மாதம் ஒருமுறை மென்துணியால் துடைத்தால் இக்குறை நீங்கும். முகம் தெரிய வேண்டிய இடத்தில் எட்டு அல்லது ஒன்பது அடி உயரமே போதும். பதினைந்து அடி உயரத்தில் பொருத்தினால் உச்சந்தலைதான் பதிவாகும்.

மின்சாரத்தையும் படத்தையும் ஒரே கம்பியில் கொண்டு செல்லும் முறை இன்று பரவலாக உள்ளது. அக்கம்பி ஒரே நீளமாக 100 மீட்டருக்கு மேல் செல்லலாகாது. மலேசியா இடி மின்னல் மிகுந்த நாடு. ஆதலால் வெளிப்புறக் கம்பிகளுக்கு மின்னதிர்ச்சித் தடுப்பான் தேவை. மின்தடையின்போது உதவும் மின்கலம், மறைக்காணிகளுக்கு மட்டுமன்றிப் பதிவுப் பெட்டிக்கும் இணையக் கருவிக்கும் சேர்த்தே அமைய வேண்டும். மூன்றில் ஒன்று அணைந்தாலும் மேகத்திற்குப் படம் போகாது.

எளிய கணக்கு ஒன்று

தெளிவான படம் தரும் மறைக்காணி ஒன்று விநாடிக்கு 2 மெகாபிட் அளவு தரவை அனுப்புவதாகக் கொள்ளலாம். ஒரு நாளைக்கு 86,400 விநாடிகள். ஆக, ஒரு மறைக்காணிக்கு நாளொன்றுக்கு 21.6 கிகாபைட் ஆகிறது. எட்டு மறைக்காணிகளுக்கு 172.8 கிகாபைட், முப்பது நாளைக்கு 5,184 கிகாபைட். இதனை முழுதும் மேகத்திற்கு அனுப்ப வேண்டுமானால், விநாடிக்கு 16 மெகாபிட் வேகத்தில் இரவும் பகலும் பதிவேற்றம் நடந்தாக வேண்டும். இணையச் சேவைத் திட்டங்கள் பலவற்றில் பதிவிறக்க வேகத்தைவிடப் பதிவேற்ற வேகம் குறைவு. விளம்பரத்தில் பெரிதாக அச்சிடப்படுவது பதிவிறக்க வேகமே.

ஆதலின் நடுவழியே சிறந்தது. ஆலயத்திலேயே பூட்டிய அறையில், 6 டெராபைட் வன்தட்டு உள்ள பதிவுப் பெட்டியில் முப்பது நாள் பதிவை முழுமையாக வைத்தல். உண்டியல், பெட்டக அறை, வாயில் ஆகிய மூன்றிடங்களில் அசைவு நேரும்போது எடுக்கப்படும் சிறு படத்துண்டுகளை மட்டும் மேகத்திற்கு அனுப்புதல். செலவும் குறையும், சான்றும் தப்பும்.

கணக்கு யார் பெயரில்?

இனி வருவதே இவ்வுரையின் உயிர்நாடி. மேகச் சேவையைத் தொடங்க ஒரு மின்னஞ்சல் முகவரியும் கடவுச்சொல்லும் வேண்டும். பொருத்த வரும் பணியாளர், வேலை விரைவில் முடியட்டும் என்று, தம்முடைய மின்னஞ்சலையோ அருகில் நின்ற செயலாளரின் கைத்தொலைபேசி எண்ணையோ இட்டுக் கணக்கைத் திறந்துவிடுவார். படம் தெரிந்ததும் அனைவரும் கைதட்டுவர். அந்தக் கணத்திலேயே ஆலயத்தின் சாவி தனிமனிதர் ஒருவரின் சட்டைப் பைக்குள் போய்விடுகிறது.

அதன் விளைவு ஈராண்டு கழித்துத் தெரியும். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் புதிய செயற்குழு தேர்ந்தெடுக்கப்படுகிறது. கோப்புகள், முத்திரை, காசோலைப் புத்தகம், பெட்டகச் சாவி யாவும் கைமாறுகின்றன. மறைக்காணிக் கணக்கு மட்டும் பழையவரின் கைத்தொலைபேசியில் இருக்கிறது. புதியவர்கள் உண்டியல் எண்ணுவதை அவர் தம் வீட்டு நாற்காலியில் அமர்ந்தபடி பார்க்கலாம். பதிவை அழிக்கவும் செய்யலாம். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆயினும், "அவர் பார்க்கிறாரோ?" என்னும் ஐயம் ஒன்றே ஓர் ஆலயத்தை இரண்டு அணியாகப் பிளக்கப் போதுமானது. பல நிறுவனங்களின் கருவிகளில், ஒரு கணக்கோடு பிணைக்கப்பட்ட மறைக்காணியை அக்கணக்கின் உரிமையாளர் விடுவித்தாலன்றி வேறு கணக்கில் எளிதில் சேர்க்கவும் இயலாது.

இதற்கு மருந்து எளியது. ஆலயத்தின் பெயரில் தனி மின்னஞ்சல் முகவரி ஒன்றை முதலில் தொடங்குதல் வேண்டும். கணக்கும் கட்டண இரசீதும் அப்பெயரிலேயே அமைதல் வேண்டும். காசோலைக்கு இருவர் கையொப்பம் வாங்குவது போல இங்கும் ஈரடுக்குப் பாதுகாப்பை இயக்கலாம். கடவுச்சொல் செயலாளரிடமும், உறுதிப்படுத்தும் எண் வந்து சேரும் அலுவலகத் தொலைபேசி பொருளாளரிடமும் இருந்தால், ஒருவர் மட்டும் தனித்து உள்ளே நுழைய இயலாது. கடவுச்சொல்லை உறையிலிட்டு அரக்கு முத்திரை வைத்துப் பெட்டகத்தில் காத்தல் நன்று. மற்றவர்க்குப் பார்க்கும் உரிமை மட்டும் போதும். அழிக்கும் உரிமை வேண்டியதில்லை. பொறுப்பு மாறும் நாளிலேயே கடவுச்சொல்லும் மாற வேண்டும்; மாற்றியதைக் கூட்டக் குறிப்பில் எழுத வேண்டும்.

திறந்து கிடந்த கதவுகள்

"கோயில் மறைக்காணியை எவர் ஊடுருவப் போகிறார்?" என்று கேட்போர் உண்டு. 2016ஆம் ஆண்டு 'மிராய்' என்னும் தீநிரல் உலகெங்கும் மறைக்காணிகளையும் பதிவுப் பெட்டிகளையும் கைப்பற்றியது. அது பெரிய வித்தை எதையும் செய்யவில்லை. தொழிற்சாலையில் இட்டுத் தந்த பெயர்களும் கடவுச்சொற்களுமாக அறுபதுக்கும் மேற்பட்ட இணைகளை ஒவ்வொன்றாக முயன்று பார்த்தது. மாற்றாமல் விட்ட கதவுகள் திறந்தன. அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள் அத்தகைய கருவிகளின் படையைக் கொண்டு தாக்கியதில், டுவிட்டர், நெட்பிளிக்ஸ் முதலிய தளங்கள் பல மணி நேரம் தடுமாறின. தங்கள் மறைக்காணியும் அப்படையில் ஒரு போர்வீரன் என்பதை உரிமையாளர் பலர் அறியவே இல்லை.

2020ஆம் ஆண்டு அக்டோபரில் சிங்கப்பூர் வீடுகள் சிலவற்றின் மறைக்காணிப் படங்கள் இணையத்தில் கசிந்தது பெரும் செய்தியானது. 2021 மார்ச்சில் அமெரிக்காவின் வெர்க்காடா நிறுவனத்தில் நிகழ்ந்தது இன்னும் பெரிது. அந்நிறுவனத்தின் மேல்நிலைப் பொறுப்புக் கணக்கு ஒன்றின் கடவுச்சொல் வெளியே கிடைத்தது. அதனைக் கொண்டு, மருத்துவமனைகள், சிறைகள், பள்ளிகள் உட்பட ஏறத்தாழ 1,50,000 மறைக்காணிகளின் காட்சிகளை அயலார் காண முடிந்தது. ஒரே சாவி எல்லாப் பூட்டையும் திறந்தது.

எனவே, பெட்டியைப் பிரித்த அன்றே தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றுதல் முதற்கடன். கருவியின் மென்பொருளைக் காலந்தோறும் புதுப்பித்தல் இரண்டாவது. பக்தர்களுக்குத் தரும் இலவச இணையத்தையும் மறைக்காணிகளின் இணையத்தையும் வேறு வேறாகப் பிரித்தல் மூன்றாவது. கடிகாரத்தை மலேசிய நேரத்திற்குச் சரிசெய்தல் நான்காவது. நேரம் பிழையான படம் காவல் துறையினரிடம் சான்றாக நிற்கத் தடுமாறும். மாதம் ஒருநாள், சென்ற வாரப் பதிவை ஓட்டிப் பார்த்தல் ஐந்தாவது. திருட்டு நடந்த பின்னரே வன்தட்டு என்றோ பழுதடைந்தது தெரிய வருமாயின், அதுவரை எரிந்த சிவப்பு விளக்கால் யாது பயன்?

பார்ப்பவரின் அறம்

ஆலயத்திற்கு மக்கள் வருவது கண்ணீர் விடவும்தான். பிள்ளைக்காக வேண்டும் தாயும், நோயுற்ற கணவருக்காக அங்கப் பிரதட்சணம் செய்யும் மனைவியும் தாங்கள் கைத்தொலைபேசியில் பார்க்கப்படுவதை விரும்புவார்களா? வேலை அனுமதி பெற்றுத் தமிழகத்திலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்த குருக்கள், தாம் எத்தனை மணிக்கு அமர்ந்தார், எத்தனை மணிக்கு எழுந்தார் என்று பலர் வீட்டிலிருந்தே எண்ணிக்கொண்டிருந்தால் எவ்வாறு மனமொன்றிப் பூசை செய்வார்?

உண்டியலருகே ஒரு சிறுவன் குனிகிறான். அந்தப் பத்து விநாடிப் படம் புலனத்தில் பரவுகிறது. கீழே கிடந்த காசை எடுத்து அவன் உண்டியலில் இட்ட பதினோராவது விநாடியை யார் பரப்புவார்? ஆதலால் முறையீடு வந்தால் மட்டுமே பழைய பதிவைப் பார்த்தல், இருவர் உடனிருந்து பார்த்தல், பார்த்த நாளையும் காரணத்தையும் ஏட்டில் எழுதுதல், படத்தைக் காவல் துறையிடமன்றி வேறெவரிடமும் தராதிருத்தல் என்னும் நான்கு விதிகள் போதும்.

வாயிலில் அறிவிப்புப் பலகை ஒன்றும் வேண்டும். சிங்கப்பூரின் 2012ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், படம்பிடிக்கப்படுவதை மக்களுக்கு அறிவிக்கும் கடமையை அமைப்புகள்மீது பொதுவாகச் சுமத்துகிறது. மலேசியாவின் 2010ஆம் ஆண்டுச் சட்டம் வணிக நடவடிக்கைகளைச் சார்ந்தது. ஆயினும் சட்டம் கேட்டால்தான் பலகை வைப்பது என்பது ஆலயத்திற்கு அழகன்று.

இறுதியாக ஒன்று. 2020ஆம் ஆண்டு சிங்கப்பூரின் பழம்பெரும் ஆலயம் ஒன்றில், பொறுப்பில் இருந்தவரே நகைகளை அடகு வைத்தது நகைக் கணக்கெடுப்பின்போது வெளிவந்தது. மறைக்காணி கதவை யார் திறந்தார் என்று காட்டும்; பெட்டகத்துள் எத்தனை சங்கிலி இருக்க வேண்டும் என்று சொல்லாது. அதைச் சொல்வது ஏடும் எடையும் நேர்மையான தணிக்கையுமே.

ஆகவே, அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்ட அறிக்கையில், வங்கி இருப்புக்கும் நகைப் பட்டியலுக்கும் அடுத்து ஒரு வரி இடம்பெறட்டும்: மறைக்காணிக் கணக்கு ஆலயத்தின் பெயரில் உள்ளது, கடவுச்சொல் மாற்றப்பட்டுப் புதிய பொறுப்பாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவ்வரியைத் தயக்கமின்றி எழுத முடிந்த நிர்வாகமே ஆலயத்திற்குக் கண்ணாக விளங்கும்.