மதுரைச் சுல்தானும் அவரது சகலனும்



அண்மையில் மகனுடன் கொப்பன்ஹேகனிலுள்ள டேவிட் கலைச்சேகரிப்பு அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தேன். பழைய இஸ்லாமிய அரசுகளின் நாணயங்களும் துணிகளும் அங்கே நிறைய உண்டு. "அப்பா, தமிழ் ஊர்களையும் சுல்தான்கள் ஆண்டவையோ?" என்று கேட்டான். "ஓம், மதுரையை" என்றேன். அந்தக் கதையையே இன்று உங்களுக்கும் சொல்ல வந்தேன்.

1335 அளவில் மதுரை டெல்லியிலிருந்து பிரிந்து தனிச் சுல்தான் அரசானது. 1340 அளவில் அரியணை ஏறியவர் கியாசுதீன் தம்கானி. அவரைப் பற்றி நாம் அறிவதெல்லாம் பெரும்பாலும் மொரோக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா சொன்னதுதான்.

1344இல் இபின் பதூதா இலங்கைக்கு வந்தார். யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியைப் புத்தளத்தில் சந்தித்தார். பாரசீக மொழி விளங்கிய அந்த அரசர், அவர் பாவா ஆதம் மலைக்குப் போகத் துணைக்கு ஆட்களும் கொடுத்து உபசரித்தார். பிறகு அவர் கடல் கடந்து கியாசுதீனிடம் போனார். சுல்தான் அவருக்குச் சகலன். இருவரும் மதுரையின் முதற் சுல்தானின் மகள்மாரை மணந்தவர்கள்.

சகலன் அவரை நன்றாகவே வரவேற்றார். ஆனால் பாளையத்தில் அவர் கண்டது வேறு. பிடிபட்டவர்களைக் கழுவேற்றினார்கள். பெண்களையும் பிள்ளைகளையும்கூட விடவில்லை. போரில் பிடிபட்ட ஒய்சள மன்னர் வீர வல்லாளர் 80 வயது முதியவர். அவரைக் கொன்று, தோலை உரித்து, வைக்கோல் அடைத்து மதுரை மதிலில் தொங்கவிட்டார்கள். அதையும் அவர் நேரில் கண்டார். பின்னர் மதுரையில் கொள்ளைநோய் பரவியது. சுல்தானின் மகனும் மனைவியும் தாயும் இறந்தார்கள், சுல்தானும் இறந்தார்.

உண்ட வீடு, உறவுமுறை, ஒரே மார்க்கம் என்று இபின் பதூதா எதையும் மறைக்கவில்லை. வேறெந்த அரசனும் செய்யாத இழிசெயல் இது, அதனாலேயே இறைவன் அவரது முடிவை விரைவாக்கினான் என்று பதிவு செய்தார். அந்தக் கொடுமைக்கு மார்க்கத்தைக் குறை சொல்பவர்கள் ஒன்றை நினைக்க வேண்டும். அதைக் கண்டித்தவரும் ஒரு முஸ்லிம்தான். டெல்லியிலும் மாலைதீவிலும் காதி நீதிபதியாக இருந்தவர்.

வீடு திரும்பும்போது எனக்கு 1990 ஒக்டோபர் நினைவுக்கு வந்தது. யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றிய மாதம் அது. எங்கள் வீட்டில் அன்று யாரும் வாய் திறக்கவில்லை, நானும்தான். பிறர் நமக்குச் செய்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். நம்மவர் செய்ததையும் சொல்ல வேண்டாமா? அன்றிரவு மகனுக்கு அதையும் சொன்னேன்.