அக்கரைப் போராட்டமும் அரைப்படி நெல்லும்

 

அயல்நாடுகளில் மக்களாட்சிக்காகப் போராடுவோருக்கு நாம் தோழமை காட்டுவது பற்றி இவ்வெள்ளி விழாவில் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். காலையில் பந்தலுக்குள் நுழையும்போதே ஓர் இளைஞர் என்னை மறித்துக் கேட்டுவிட்டார். "ஐயா, எங்கள் தெருவுக்குச் சுடுகாட்டுப் பாதை கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் பிணத்தை வயல் வரப்பில்தான் தூக்கிச் செல்கிறோம். சேற்றில் வழுக்கிப் பாடை சாய்ந்ததும் உண்டு. இந்த நிலையில் கொழும்பில் யார் கொடி பிடித்தால் நமக்கென்ன?" என்றார். நியாயமான கேள்வி. இதை ஒதுக்கிவிட்டு நான் பேசினால், அப்பேச்சு இந்தப் பந்தற்காலைத் தாண்டாது. ஆகவே அவருக்கு விடை சொல்லும் முறையிலேயே என் உரையை அமைத்துக்கொள்கிறேன். அவர் கொழும்பு என்று சொன்னதால் நானும் இலங்கையையே எடுத்துக்கொள்கிறேன்.

இலங்கை மலைகளில் தேயிலை கொய்வோர் யார்? 1820களில் வெள்ளையர் அங்கே காப்பித் தோட்டம் போடத் தொடங்கியதிலிருந்து, தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, சேலம் சீமைகளிலிருந்து நடந்தும் தோணியேறியும் போனவர்கள். அவர்களுள் பெரும்பகுதியினர் நிலமற்ற தாழ்த்தப்பட்ட மக்கள். இங்கே பண்ணைக் கடனில் பிறந்து பண்ணைக் கடனில் இறந்தவர்கள், அங்கே கங்காணியிடம் பட்ட கடனில் பிறந்து இறந்தார்கள். ஆளையும் அவன் கடனையும் ஒரு தோட்டத்திலிருந்து மறுதோட்டத்துக்கு மாற்றும் சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். 1921ஆம் ஆண்டில்தான் அம்முறை ஒழிந்தது. விடியற்காலையில் பெரட்டுக்கு ஆள் கூட்ட அங்கே தப்பு அடித்தார்கள். அந்தத் தப்பு எந்தத் தெருவிலிருந்து கடல் கடந்தது என்பதை இந்த அவையில் நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி நான் சொல்லப்போவதைச் சற்று ஊன்றிக் கேளுங்கள். 1931ஆம் ஆண்டிலேயே இலங்கையில் வயதுவந்த ஆண், பெண் அனைவருக்கும் வாக்குரிமை வந்தது. இந்தியாவிலிருந்து சென்றவர்களுக்குச் சில கட்டுப்பாடுகளை விதித்தார்கள் எனினும், தோட்டத் தொழிலாளர் பலரும் வாக்களித்தனர். நம் பாட்டன்மார் சேரியில் வாக்குச் சீட்டு என்ற ஒன்றைக் கேள்விப்படும் முன்பே, அவர்களுடைய உடன்பிறந்தார் அங்கே வரிசையில் நின்று வாக்களித்துவிட்டனர். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றத்திற்குச் சென்றனர்.

அடுத்த ஆண்டு இலங்கை விடுதலை பெற்றது. விடுதலை பெற்ற நாடு செய்த முதற் காரியங்களுள் ஒன்று, 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் மூலம் ஏறத்தாழ 7 இலட்சம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1949இல் வாக்குரிமையும் போயிற்று. இங்கே முதற் பொதுத் தேர்தல் 1952ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் முடிந்தது. நம்மவர் வாழ்நாளில் முதன்முறையாக வாக்களித்துவிட்டு, அதை ஒரு திருநாளாகப் பேசிக்கொண்டு வீடு திரும்பினார்கள். தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் அதே ஆண்டில்தான். அதே 1952ஆம் ஆண்டு மே மாதத்தில் இலங்கையிலும் தேர்தல் நடந்தது. அந்தத் தேர்தலில் மலையகத்தார் கைகட்டி நின்று வேடிக்கை பார்த்தனர். அக்கரையில் ஒருவன் பெற்றிருந்ததை இழந்து நின்ற ஆண்டில், இக்கரையில் அவன் தம்பி பெறாததைப் பெற்றான்!

அவர்கள் வாளாவிருக்கவில்லை, அறப்போர் நடத்தினார்கள். துணை நின்றவர் யார் என்று தேடினால் மனம் கசக்கிறது. யாழ்ப்பாணத்துத் தமிழ்த் தலைவர்களுள் செல்வநாயகம் எதிர்த்து நின்றார். அமைச்சராகிவிட்ட பொன்னம்பலம் 1949ஆம் ஆண்டுச் சட்டத்தை ஆதரித்தார். 1948இல் எதிர்த்து முழங்கிய இடதுசாரிகளில் ஒரு பிரிவினர் 1964இல் அரசில் சேர்ந்தனர். அந்த அரசுதான் அதே ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் இந்தியாவோடு சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் செய்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரைப் பத்தாண்டு கழித்து இரு நாடுகளும் பாதிபாதியாகப் பிரித்துக்கொண்டன. மூட்டைகளை எண்ணுவது போல எண்ணினார்கள். எண்ணப்பட்டவர்களை ஒருவரும் கேட்கவில்லை. அவர்களுக்காக இங்கே நம் தெருக்களில் ஒரு கண்டன ஊர்வலம் நடந்ததாக எங்கள் வீட்டுப் பெரியவர்கள் எவரும் சொல்லிக் கேட்டதில்லை. தாயகம் திரும்பியோராக அவர்கள் மண்டபம் முகாமில் வந்து இறங்கியபோதும், சாதிச் சான்றிதழுக்காக அலுவலகம் அலுவலகமாக அலைந்தபோதும், "சிலோன்காரர்" என்று சொல்லி நாமும் விலகித்தான் நின்றோம். நம் கணக்கில் நிற்கும் பழைய பாக்கி அது.

இனி 2022ஆம் ஆண்டுக்கு வருவோம்.

இலங்கை அரசு 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியை ஒரே ஆணையில் தடுத்தது. சம்பாப் பயிர் தூர் கட்டும் நேரத்தில் யூரியா இல்லையென்றால் என்னவாகும் என்பதை உங்களுக்கு விளக்க வேண்டுமா? நெல் விளைச்சல் சரிந்தது, தேயிலையும் சரிந்தது. நவம்பரில் ஆணையைத் திரும்பப் பெற்றபோது காலம் கடந்துவிட்டது. (இயற்கை வேளாண்மைக்கு நான் பகைவனல்லன். நம் இளங்காட்டு நம்மாழ்வார் உழவரோடு வயலில் இறங்கி நடந்து அதைக் கற்பித்தார். மாளிகையிலிருந்து ஆணை அனுப்பவில்லை.) வரிக்குறைப்பாலும் கடனாலும் ஏற்கெனவே இளைத்திருந்த கருவூலத்தில் அந்நியச் செலாவணி தீர்ந்தது. 2022 ஏப்ரல் 12ஆம் நாள், வெளிநாட்டுக் கடனைத் திருப்பித் தர இயலாது என்று அந்நாடு அறிவித்தது. ஒரு டாலருக்கு 200 ரூபாயாக இருந்த மதிப்பு சில வாரங்களில் 350ஐத் தாண்டியது. ஆயிரம் ரூபாய் நாட்கூலிக்காகப் பல்லாண்டு போராடி, 2021இல்தான் மலையகத் தொழிலாளர் அதைப் பெற்றிருந்தனர். பெற்ற ஆயிரம் கையிலிருக்கும்போதே கரைந்தது. மார்ச் மாதத்தில் பசி தாங்காமல் குழந்தைகளோடு படகேறித் தனுஷ்கோடிக் கரையில் வந்து இறங்கிய குடும்பங்களை நாம் கண்டோம்.

ஏப்ரல் 9ஆம் நாள் கொழும்பின் காலிமுகத்திடலில் மக்கள் கூடினர். 'அரகலய' என்றால் சிங்களத்தில் போராட்டம். கூடாரங்கள் எழுந்தன, பொதுச் சமையற்கூடம் எழுந்தது, நூலகம் ஒன்றும் எழுந்தது. ஆட்சியை எதிர்க்க வந்தவர்கள் நூலகம் வைத்தார்கள் என்ற செய்தி, இரவுப் பள்ளியிலும் படிப்பகத்திலும் வளர்ந்த நம் போன்றோருக்கு இனிக்காதா? சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் ஒரே திடலில் நின்றனர். நாட்டுப்பண்ணை அங்கே தமிழிலும் பாடினர். ஏப்ரல் 19ஆம் நாள் றம்புக்கனையில் எரிபொருள் விலையேற்றத்தை எதிர்த்தவர்கள்மீது போலீசார் சுட்டதில் ஒருவர் மாண்டார். மே 9ஆம் நாள் ஆளுங்கட்சியினர் திடலுக்குள் புகுந்து தாக்கினர். அதற்குப் பதிலடியாக அன்றிரவு பல வீடுகள் எரிக்கப்பட்டன; பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் உயிரிழந்தார். போராடுவோர் மீது எனக்குள்ள மதிப்பு பெரிது. ஆயினும், யார் வீட்டுக்கு யார் தீ வைத்தாலும் வெண்மணியின் மண்ணில் பிறந்தவர்கள் அதை ஏற்க இயலாது. அதையும் சேர்த்துச் சொல்லிவிட்டுத்தான் நாம் தோழமை பேச வேண்டும்.

தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2022 ஏப்ரல் 29ஆம் நாள் ஒருமனதாக ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. 40,000 டன் அரிசி, 500 டன் பால்மா, 137 வகை மருந்துகள். மொத்த மதிப்பு 123 கோடி ரூபாய். இவற்றை இலங்கைக்கு அனுப்ப மத்திய அரசின் இசைவை அத்தீர்மானம் கேட்டது. முதலில் வடக்கு, கிழக்கு, மலையகத் தமிழருக்கென்றே இந்த உதவி எண்ணப்பட்டது. அப்போது அங்கிருந்த தமிழர் தரப்பே, தமிழருக்கென்று பிரித்து அனுப்ப வேண்டாம், எல்லா மக்களும் பசித்திருக்கிறார்கள் என்று சொல்லிற்று. தோழர்களே, இதைவிடப் பெரிய செய்தி அந்த ஆண்டில் எனக்கு வேறில்லை. தம் வாக்கைப் பறித்த, தம் நூலகத்தை எரித்த, 2009இல் தம் பிள்ளைகளைக் கொன்ற அரசின் குடிகளாயிற்றே என்று அவர்கள் கணக்குப் பார்க்கவில்லை. உதவுகிறவன் தன் விருப்பத்தை விட்டு, உதவி கேட்கிறவனின் சொல்லைக் கேட்டதும் அன்றுதான்.

முதற் கப்பல் 9,000 டன் அரிசியோடு சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட நாள் மே 18. அதே மே 18ஆம் நாள் காலிமுகத்திடலில் முள்ளிவாய்க்கால் நினைவு நாள் கடைப்பிடிக்கப்பட்டது. போரின் கடைசி நாட்களில் அந்த மக்கள் உயிர் பிழைத்திருந்தது அரிசியும் நீரும் உப்பும் கலந்த வெறுங் கஞ்சியால். அதே கஞ்சியைத் தென்னிலங்கையின் தலைநகரில் காய்ச்சி, சிங்கள இளைஞர்களும் வாங்கிக் குடித்தார்கள். அதுவரை அந்தத் தலைநகரில் அப்படி ஒரு காட்சியை எவரும் கண்டதில்லை. ஆயினும் வடக்கில் பலர் அந்தப் போராட்டத்திலிருந்து ஒதுங்கியே இருந்தனர் என்பதையும் நான் மறைக்கப் போவதில்லை. 2009இல் நாங்கள் கதறியபோது நீங்கள் எங்கிருந்தீர்கள் என்று அவர்கள் கேட்டார்கள். அக்கேள்வியும் காலையில் நம் இளைஞர் கேட்ட கேள்வியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

ஜூலை 9ஆம் நாள் மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் நுழைந்தனர். நாட்டை விட்டோடிய கோத்தபய ராஜபக்ச 14ஆம் நாள் பதவி விலகினார். ஜூலை 22 விடியுமுன் புதிய ஆட்சியின் படையினர் திடலில் புகுந்து கூடாரங்களைப் பிய்த்தெறிந்தனர். ஆகஸ்டில் மாணவர் தலைவர் வசந்த முதலிகேயைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் அடைத்தனர். 2023 ஜனவரி இறுதியில்தான் நீதிமன்றம் அக்குற்றச்சாட்டைத் தள்ளியது. 1979 முதல் தமிழ் இளைஞர்களை ஆண்டுக்கணக்கில் சிறையிலிட்ட சட்டம் அது. பிறருக்கென்று செய்த விலங்கு தம் கைக்கும் பொருந்தும் என்பதைத் தெற்கின் இளைஞர்கள் அன்று கண்டனர். 2024இல் ஆட்சிக்கு வந்த கட்சியோ, தன் தொடக்க நாட்களில் மலையகத் தமிழரை 'இந்திய விரிவாக்கத்தின்' கருவியென்று இளைஞர்களுக்கு வகுப்பெடுத்த கட்சி. அது எவ்வளவு மாறியிருக்கிறது என்பதை லயன் காம்பராக்களில் வாழ்வோருக்குக் கிடைக்கும் நிலத்தை வைத்துத்தான் அளக்க வேண்டும்.

தோழமை எங்கே தொடங்க வேண்டும் என்பதற்கு ஒரு முன்மாதிரியைச் சொல்கிறேன். 1946ஆம் ஆண்டில், அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் அவையில் மனுக் கொடுக்கப்போவதை அண்ணல் அம்பேத்கர் அறிந்தார். உடனே அந்நாட்டு அறிஞர் டுபாய்சுக்குக் கடிதம் எழுதினார். வாழ்த்துச் சொல்வதற்காக மட்டும் அவர் எழுதவில்லை. அந்த மனுவின் இரண்டு மூன்று படிகள் வேண்டும் என்று கேட்டார். டுபாய்சும் ஆதரவு தெரிவித்து விடை எழுதினார். அடிபட்டவன் எழுதிய மனுவை வாங்கிப் படிப்பது அண்ணல் காட்டிய முதற் படி. பதாகையைத் தூக்கிப் படம் எடுத்துக்கொள்வது எளிது. மனுவைப் படிப்பதற்குப் பொறுமை வேண்டும். படித்தால் நமக்குக் கசப்பானவையும் தெரியவரும். நம் நாகப்பட்டினத்து மீனவரை இலங்கைக் கடற்படை தாக்குவதை நாம் கண்டிக்கிறோம், கண்டிக்கத்தான் வேண்டும். நம் கரையின் இழுவைப் படகுகள் யாழ்ப்பாணத்து ஏழை மீனவரின் வலைகளை அறுத்துச் செல்வதை எத்தனை மேடைகளில் சொன்னோம்?

இனி, சுடுகாட்டுப் பாதை கேட்ட என் தம்பிக்கு.

1968 டிசம்பர் 25 இரவு, கூலியாக அரைப்படி நெல் கூடக் கேட்ட குற்றத்திற்காகக் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டனர். 1973இல் உயர்நீதிமன்றம் மிராசுதார்களை விடுதலை செய்தது. அந்தத் தீர்ப்போடு கதை முடிந்திருக்க வேண்டும் என்று விரும்பியோர் பலர். முடியவில்லை. ஏனெனில் வெண்மணிக்காக எழுதியவர், வழக்காடியவர், நிலம் வாங்கிக் கொடுக்க நடையாய் நடந்தவர் எல்லாரும் வெண்மணிக்காரர் அல்லர். நம் சாதிக்காரரும் அல்லர். மதுரைச் சீமையில் பிறந்த கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் இங்கே வந்து தங்கினார். அவருக்கும் கீழத்தஞ்சைக்கும் என்ன உறவு? "அவர்கள் ஊர் வழக்கு நமக்கென்ன" என்று அவர் கேட்டிருந்தால், இன்று தம் பெயரில் பட்டா வைத்திருக்கும் பெண்கள் பலர் கூலிக்காரிகளாகவே மாண்டிருப்பார்கள்.

ஆகவே தம்பி, பாதையா கொழும்பா என்று நான் உன்னைத் தேர்ந்தெடுக்கச் சொல்லவில்லை. பாதைக்கான மனு இன்று மாலை கூட்டம் முடிந்ததும் எழுதப்படும். புல எண், வரப்பின் அகலம், எந்த ஆண்டு மழையில் என்ன நேர்ந்தது என்ற விவரங்களோடு வா, நான் எழுதுகிறேன். நம் தெருவார் கையெழுத்து மட்டும் இருந்தால் அது 'காலனிப் பிரச்சினை' என்று கோப்பில் தூங்கும். ஊர்த்தெருவில் இருவரிடம் பேசியிருக்கிறேன்; ஒருவர் இசைந்திருக்கிறார்; மற்றவர் யோசிக்கிறார்.

கழகத்தாரிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. நம் படிப்பகத்தில் ஓர் அடுக்கை அக்கரைக்கென்று ஒதுக்குங்கள். இவ்வட்டாரத்தில் பல வீடுகளின் டிரங்குப் பெட்டிகளில் பழைய கடவுச்சீட்டுகளும் தோட்டத்து அட்டைகளும் இராமேசுவரம் கப்பற் சீட்டுகளும் கறையான் அரித்துக் கிடக்கின்றன. அவற்றைக் கேட்டு வாங்கிப் படியெடுத்து வையுங்கள். மலையகத்திலிருந்து நூல்களும் இதழ்களும் வரவழையுங்கள். எங்கள் பெரிய பாட்டனார் 1930களில் எழுதிய கடிதம் ஒன்று என்னிடம் உள்ளது. அடுத்த மாதம் சம்பளத்தில் இரண்டு ரூபாய் அனுப்புவதாக எழுதியிருக்கிறார். அந்த அடுக்குக்கு முதற் காகிதமாக அதைச் செயலாளர் அவர்களிடம் இப்போது ஒப்படைக்கிறேன்.