தழும்பை வைத்து அளக்க முடியாது

(நாகர்கோவில் வடசேரியில் நடந்த ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



குடல்வால் ஆபரேஷன் முடிந்து வகுப்புக்குத் திரும்பும் பிள்ளைகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். "ஓட்டை போட்டுத்தான் எடுத்தாங்க டீச்சர், பெரிசா ஒண்ணும் இல்ல" என்று பெற்றோரே சொல்வார்கள். நாமும் சின்னத் தழும்பைப் பார்த்து, சின்ன ஆபரேஷன்தான் என்று முடிவு செய்துவிடுகிறோம். அது எவ்வளவு தூரம் சரி என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

முதலில் அழற்சி. சிவப்பு, வீக்கம், சூடு, வலி என்று அதன் நான்கு அடையாளங்களை முதல் நூற்றாண்டிலேயே ரோமானியரான செல்சஸ் எழுதிவைத்தார். விளையாட்டுத் திடலில் முழங்கால் சிராய்த்து வரும் பிள்ளையிடம் இந்த நான்கையும் காணலாம். அடிபட்ட செல்கள் வேதிச் செய்தி அனுப்புகின்றன. இரத்தக் குழாய்கள் விரிகின்றன. வெள்ளையணுக்கள் வந்து சேர்கின்றன. அழற்சி நோயல்ல, உடல் தன்னைச் சரிசெய்யும் வேலை.

காயம் பெரிதானால் செய்தி உடல் முழுதும் போகும். இன்டர்லூகின்-6 என்ற செய்திப்பொருள் கல்லீரலை எட்டியதும், கல்லீரல் சி.ஆர்.பி. என்ற புரதத்தைச் சுரக்கிறது. கொரோனா காலத்து இரத்தப் பரிசோதனைச் சீட்டுகளில் நாம் பார்த்த அதே சி.ஆர்.பி.தான். 1930-இல் நியூயார்க்கில் டில்லட், பிரான்சிஸ் என்ற இருவர், நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தில் இதைக் கண்டறிந்தார்கள். ஆபரேஷனுக்குப் பின் சில மணி நேரத்தில் ஏறத் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்தைத் தொட்டு, பிறகு இறங்கும்.

இப்போது பித்தப்பைக் கல்லை எடுத்துக்கொள்வோம். பழைய முறையில் வலது விலாவின் கீழ் நீளமாகக் கீறி, தசையை அறுத்து உள்ளே போவார்கள். நுண்துளை முறையில் வயிற்றைக் கார்பன் டை ஆக்சைடால் உப்பச் செய்து, பெரும்பாலும் நான்கு துளைகள் வழியே கேமராவும் கருவிகளும் செலுத்துவார்கள். துளைகள் 5 முதல் 10 மில்லிமீட்டர்தான் இருக்கும். 1985-இல் ஜெர்மனியில் எரிக் மூஹே இப்படிப் பித்தப்பையை எடுத்தார். 1990-இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் டெஹம்டன் உத்வாடியா இந்தியாவில் முதன்முதலாகச் செய்தார். நம் மாநிலத்தில் இதை வளர்த்தவர்களில் கோவை மருத்துவர் சி. பழனிவேலு முக்கியமானவர்.

பாதாளச் சாக்கடைக்காக நம் ஊர்த் தெருக்களைத் தோண்டியதை மறந்திருக்க மாட்டீர்கள். பதித்தது ஒரு குழாய்தான். ஆனால் தெரு பழையபடி ஆக எத்தனை நாள் ஆயிற்று! பித்தப்பையும் அப்படித்தான். இரண்டு முறையிலும் எடுப்பது ஒரே உறுப்பு. போகும் வழியில் ஏற்படும் சேதம்தான் வேறு. அதனால்தான் துளை முறையில் இன்டர்லூகின்-6, சி.ஆர்.பி. இரண்டும் குறைவாகவே ஏறுகின்றன. வலி குறைகிறது, எழுந்து நடப்பதும் சீக்கிரம்.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. கார்டிசால் போன்ற நெருக்கடி ஹார்மோன்கள் இரு முறைகளிலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் ஏறுகின்றன. மயக்க மருந்தும் உண்டு. உள்ளே ஓர் உறுப்பை வெட்டி எடுத்ததும் உண்மை. தோலில் தெரியாவிட்டாலும், தனக்கு ஆபரேஷன் நடந்தது உடலுக்குத் தெரியும்.

இன்னொன்று. குடல்வால் வெடித்துச் சீழ் பரவியிருந்தால், கத்தி படும் முன்பே அழற்சி உச்சத்தில் இருக்கும். அங்கே துளையின் அளவைவிட நோயின் தீவிரமே பெரிது. ஒரே மாதிரி மூன்று சின்னத் தழும்புள்ள இரண்டு பிள்ளைகளில், ஒருவன் சீக்கிரம் தேறுவான், மற்றவன் வாரக்கணக்கில் சோர்ந்திருப்பான். இரண்டாமவன் நடிக்கவில்லை.

ஆகவே நாம் செய்யக்கூடியவை சில. பிள்ளை திரும்பி வந்ததும், மருத்துவமனையில் தந்த டிஸ்சார்ஜ் சீட்டைக் கேட்டுப் பாருங்கள். விளையாட்டு எப்போது, பை தூக்குவது எப்போது என்பதை மருத்துவர் சொன்னபடி விடுங்கள். தழும்பைப் பார்த்து நாம் முடிவு செய்ய வேண்டாம். உடற்கல்வி ஆசிரியருக்கும் அன்றே சொல்லிவிடுங்கள். முதல் சில நாள் தோள்பட்டை வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் வியப்படைய வேண்டாம். உள்ளே செலுத்திய வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் அப்படி வரும். ஆனால் நாளாக ஆகக் குறைய வேண்டிய வலி கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோ, துளையருகே சிவந்து சீழ் வடிந்தாலோ, "சாயங்காலம் வீட்டில் சொல்" என்று விடாதீர்கள். உடனே பெற்றோரை அழைத்து மருத்துவரிடம் அனுப்புங்கள்.

இது நமக்கும் பொருந்தும். பித்தப்பை ஆபரேஷன் முடிந்து வரும் சக ஆசிரியையிடம், "ஓட்டைதானே, இதுக்கா இவ்வளவு லீவு?" என்று கேட்காமல் இருப்போம். நோய் எதிர்ப்பு பற்றிப் பாடம் நடத்தும்போது அழற்சியின் நான்கு அடையாளங்களோடு இந்தச் செய்தியையும் சேர்த்துச் சொன்னால், பிள்ளைகளும் தங்கள் தோழரை அப்படிக் கேட்க மாட்டார்கள்.